தவலைவாயனுக்கு வந்த விக்கல்

விரல் நுனியில் இன்னும் பசை வாசனை போகவில்லை. மாவைத் தண்ணியாகக் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு துளி மயில்துத்தம் போட்டுக் கிண்டுகிற பசை. நீ செய்கிற பக்குவம்தான். நேற்றுக் காலையில் ஒரு சின்னப் புத்தகத்தின் முதுகில் பிய்ந்து தொங்கிய கறுப்புக் காலிகோ துணியை ஒட்டிச் சரிசெய்தேன். சாயங்காலம் அதை உன் அம்மாவின் கைகளுக்குள் வைத்தேன். பெட்டியை மூடினார்கள். திண்டிவனம் கல்லறைத் தோட்டத்தில் உனக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

அது எந்தப் புத்தகம் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் கொஞ்சம் சண்டை போட வேண்டும். நீ போய் இத்தனை வருஷம் ஆகியும் என் கோபம் ஆறவில்லை. உலகச் சண்டை முடிந்தது, ரேஷன் முடிந்ததாகச் சொல்கிறார்கள், வெள்ளைக்காரனும் கப்பலேறிப் போய்விட்டான். நீ இருந்து பார்த்திருக்க வேண்டாமா? போகிறவள் எல்லாவற்றையும் பாதியில் போட்டுவிட்டு, என் தலையில் ஒரு பூதத்தையும் கட்டிவிட்டுப் போனாய்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என் அப்பா கூலிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கினவர், உன் அம்மா அடுத்த கொல்லையில் பிடுங்கினவள். நமக்கு டீச்சர் என்ற பெயர் வந்ததே பெரிய காரியம் என்று நான் அடங்கி ஒடுங்கி இருந்தேன். உனக்கு அது போதவில்லை. பள்ளிக்கூட அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் படித்து முடித்துவிட்டு ஒருநாள் சொன்னாய்: "இதுல எந்தப் பக்கத்துலயாவது ஒரு புள்ள சிரிக்கிறாப்பல ஏதாவது இருக்குதா பாரு. பொய் சொன்னவன் செத்தான், சோம்பேறி கெட்டான். எம் புள்ளைங்க என்னா பாவம் பண்ணிச்சிங்க?"

உனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எம் புள்ளைங்க என்று நீ சொன்னது நாலாவது, ஐந்தாவது வகுப்புகளில் மண் தரையில் உட்கார்ந்திருந்தவர்களை. பத்து வயசுப் பிள்ளைகள் வயிறு குலுங்கச் சிரிக்க ஒரு முழுப் புத்தகம், அட்டையில் உன் பெயர் போட்டு அச்சாகி வர வேண்டும். உன் ஆசை அவ்வளவுதான். நான் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

உன் பூதம் தவலைவாயன் அப்படித்தான் பிறந்தான். தவலை அகலத்துக்கு வாய், வண்டிச் சக்கரம் போலத் தொப்புள். மயிலம் மலையைத் தலையணையாக வைத்துப் படுப்பான். காணைப் பக்கத்துக் கரும்பைப் பிடுங்கிப் பல் குத்துவான். குழம்பில் உப்பு குறைந்தால் மரக்காணத்துக்குப் போய் உப்பளத்தை ஒரு நக்கு நக்கிவிட்டு வருவான். டிக்கெட் எடுக்காமல் விழுப்புரம் பாசஞ்சரின் கூரைமேல் ஏறிப் போகிறவன், என்ஜினுக்குள் கொதிக்கிற தண்ணீரை ரசம் என்று நினைத்துக் குடித்துவிடுவான். ரயில் நின்றுபோகும். கார்டு பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டே அழுவார். அந்த இடத்தை நீ படிக்கும்போது பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்ததில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்தாள்.

காகிதம் கிடைக்காத காலம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாய். முன்பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளையின் தப்புக் கணக்கு, பின்பக்கத்தில் தவலைவாயன். எல்லாவற்றையும் சணல் போட்டுத் தைத்து, உன் ஜெபப் புத்தகத்துக்கு வாங்கிய கறுப்புக் காலிகோவில் மிச்சமிருந்ததைப் போட்டு ஒட்டினாய். அளவும் ஒன்று, தடிமனும் ஏறக்குறைய ஒன்று. ஏன் அப்படி என்று கேட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பதில் தெரிந்தது. பாதிரியார் நீளமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க, நீ கறுப்புப் புத்தகத்தை மடியில் விரித்து, உதடு அசைய, பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாய். அடிப்பாவி, கோயிலுக்குள் பூதத்தைக் கூட்டி வந்துவிட்டாயே என்று உன் முழங்கையை இடித்தேன். ஆராதனை முடிந்ததும் பள்ளிக்கூடத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மா உன் தோளைத் தட்டி, உன்னைப் போல பக்தியுள்ள பெண்ணைப் பார்த்ததில்லை என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தாய் என்று எனக்கு மட்டும் தெரியும்.

உன் அம்மாவுக்கும் அதே நினைப்புதான். எழுதப் படிக்கத் தெரியாதவள். மகள் விடிந்தால் கறுப்புப் புத்தகம், அந்தி சாய்ந்தால் கறுப்புப் புத்தகம் என்று கிடக்கிறாளே, ஆண்டவர்மேல் என்ன பிரியம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கதைப் புத்தகம் ஒன்று இருப்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டில் எது எப்போது உன் கையில் இருந்தது என்று அவள் எங்கே கண்டாள்.

அரிசி காணாமல் போன வருஷம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. கடை வாசலில் பெண்கள் விடிகாலையிலிருந்து நின்று, புழுத்த நொய்யை முந்தானையில் வாங்கிப் போனார்கள். பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தன. அந்த வருஷத்தில்தான் நீ விருந்து அத்தியாயத்தை எழுதினாய். ஊர்க் கல்யாணப் பந்தலுக்குள் தவலைவாயன் நுழைகிறான். சோற்று மலையை ஒரே வாயில் விழுங்குகிறான், சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துக்கொள்கிறான், வாழை இலைக் கட்டைத் தின்கிறான், கடைசியில் சமையல்காரரின் தலைப்பாகையைக் கூட அப்பளம் என்று கடிக்கிறான். எனக்குப் படித்துக் காட்டியபோது நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நமக்குச் சம்பளம் வந்தது. ஏதோ ஒரு வேளையாவது நம் வீட்டில் உலை கொதித்தது. அதை நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வகுப்பில் நீ படித்தாய். நான் வாசற்படியில் நின்று கேட்டேன். சோற்று மலை வந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. சாம்பார் வந்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. நீ குரலை ஏற்றி, வாயை அகட்டி, தொப்பையைத் தடவிக் காட்டினாய். பிள்ளைகள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. முன்வரிசையில் எஸ்தர் இருந்தாள். அவள் அப்பா ரங்கூனுக்குப் பிழைக்கப் போய்த் தகவலே இல்லாமல் இருந்தவர். அவள் மெதுவாகக் கேட்டாள்: "வடிச்ச கஞ்சியாவது மிச்சம் வெச்சிச்சா டீச்சர்?"

நீ புத்தகத்தை மூடினாய். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு பேரும் நடந்தோம். உன் வீட்டு வாசலில் நின்று, "வயிறு ரொம்பினவங்களுக்குத்தான்டி அது தமாசு" என்றாய். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று பாடம் நடத்துகிறோம், சிரிப்பும் அந்தப் பத்தில் ஒன்று என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிடு என்றேன். நீ கிழிக்கவில்லை. அதன் பின்னால் இன்னொரு அத்தியாயம் எழுதினாய்.

தவலைவாயனுக்கு விக்கல் வருகிறது. ஹிக் என்று ஒரு விக்கல், வாயிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்து விழுகிறது. இன்னொரு விக்கல், சாம்பார் அண்டா சிந்தாமல் சிதறாமல் வந்து உட்காருகிறது. விக்கல் நிற்கவில்லை. ஊர் ஜனங்கள் கூடை, முறம், சாக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். பூதம் வெட்கத்தோடு, "தள்ளிக்கோ, மூட்டை வருது" என்று எச்சரிக்கிறது. கடைசியில் ரயில் என்ஜின் தண்ணீரும் ஆவியோடு வந்து, நின்றுபோன பாசஞ்சர் கூவிக்கொண்டு கிளம்புகிறது.

அன்றைக்கு அந்த வகுப்பு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அடுத்து என்ன வர வேண்டும் என்று பிள்ளைகளே கத்தின. வடை, கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, வெல்லக்கட்டி. ஒவ்வொன்றுக்கும் நீ விக்கினாய். எஸ்தர் எழுந்து நின்று, "எங்கப்பா" என்றாள். நீ அவள் பக்கம் குனிந்தாய். பிறகு, "அவரு தூரத்துலேர்ந்து வரணும் கண்ணு. அதுக்குப் பெரிய விக்கலா வரணும். பூதம் தண்ணி குடிக்காம காத்துக்கினு இருக்குது" என்றாய். அவள் சரி என்று உட்கார்ந்தாள். நான்தான் வெளியே போய் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு அச்சுக்கூடம் இருந்தது. இரண்டு பேரும் பாசஞ்சரில் போனோம். முதலாளி நல்ல மனுஷர்தான். சில பக்கங்கள் படித்தார், மீசைக்குள் சிரித்தார், பிறகு கவலையோடு கேட்டார், இதில் நீதி எங்கே அம்மா என்று. சர்க்கார் கொடுக்கிற கொஞ்சம் காகிதத்தைச் சும்மா சிரிக்கிறதுக்குச் செலவழித்தேன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்றார். அத்தியாயத்துக்கு ஒரு நீதி கடைசியில் எழுதிக் கொடுத்தால் போட்டுவிடலாம் என்றார். நீ வெடுக்கென்று, "பூதத்துக்கு நீதி வேணும்னா கோர்ட்டுக்குப் போகட்டும்" என்று எழுந்துவிட்டாய். திரும்பி வரும்போது ஜங்ஷனில் வேகவைத்த மல்லாட்டை வாங்கித் தின்றோம். நீ உரித்ததை எல்லாம் என் மடியிலேயே போட்டாய். அவர் கேட்டதில் என்ன தப்பு, நாலு வரி எழுதிக் கொடுத்தால் புத்தகம் வருமே என்று நான் சொன்னேன். நாலு வரிதான், ஆனால் அந்த நாலு வரி வந்ததும் பிள்ளைகள் முகம் எப்படிச் சுருங்கும் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டாய். எனக்கும் தெரியும்தான்.

அதற்குப் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்றார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாயில் கிடந்தாய். தலைமாட்டில் அந்தக் கறுப்புப் புத்தகம். கண் திறக்கும்போதெல்லாம் அதைத் திறந்து பார்த்துச் சிரித்தாயாம். உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் வந்தபோது என் கையைப் பிடித்தாய். உன் கை அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

"விழுப்புரத்துக்குப் போய்ட்டு வா. நீதி போட்டுக்கட்டும்னு சொல்லிடு. அத்தியாயத்துக்கு ஒண்ணு கூட இல்ல, ரெண்டு கூடப் போட்டுக்கட்டும். பொஸ்தகம் வந்தா போதும்."

யாருக்கும் வளையாத நீ வளைந்துவிட்டாயே, இனி நீ பிழைக்க மாட்டாய் என்று அந்த நிமிஷமே எனக்குப் பட்டது. ஆனாலும் போனேன். முதலாளி ஒப்புக்கொண்டார். கையெழுத்துப் பிரதியைக் கொண்டு வாருங்கள், காகிதம் எடுத்து வைக்கிறேன், நீதி கூட அவசரமில்லை, அந்தம்மா உடம்பு தேறட்டும் என்றார். அந்த மனுஷர் நன்றாக இருக்கட்டும். பாசஞ்சர் வழியெல்லாம் நின்று நின்று வந்தது. உன்னிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வந்தேன். திண்டிவனத்தில் இறங்கும்போது கோயில் மணி அடித்தது. அது சாவு மணி.

ஓடி வந்தபோது பெட்டியை மூடப் போகிறார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். கைகள் இரண்டும் மார்மேல், கைகளுக்குள் கறுப்புப் புத்தகம். ஜெபப் புத்தகத்தை வைத்து அனுப்புவது நம் வழக்கம்தானே. அச்சாகப் போகுதுடி என்று உன் காதில் சொன்னேன். ஆணி அடித்தார்கள்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் நின்ற பிறகு உன் அம்மாவிடம் போய்க் கதைப் புத்தகத்தைக் கேட்டேன். அவள் பரணிலிருந்து ஒரு கறுப்புப் புத்தகத்தை எடுத்து, புடவையால் தூசி தட்டிக் கொடுத்தாள்.

"கதப் பொஸ்தகம் இதோ இருக்குது கண்ணு, நீயே வெச்சிக்கோ. ஜெபப் பொஸ்தகத்த அவ கையிலயே குடுத்து அனுப்பிட்டேன். கடசி வரைக்கும் தலமாட்டுல வெச்சிக்கினு இருந்தாளே."

திறந்தேன். வரிசையாக ஜெபங்கள். அச்செழுத்து.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தவலைவாயன் உன்னோடு மண்ணுக்குள் போய்விட்டான். தப்புக் கணக்குகள், விக்கல், பாசஞ்சர், எஸ்தரின் அப்பா, எல்லாம். ஆண்டவருடைய வார்த்தை உன்னோடு இருக்கிறது என்று பாதிரியார் கல்லறையில் சொன்னாரே, உன்னோடு இருந்தது பூதம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? உன் அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

"இருக்குதா? அந்தப் பூதம்?"

மகளை ஜெபத்தோடு அனுப்பினோம் என்ற ஒரு ஆறுதல்தான் அவளிடம் மிச்சம் இருந்தது. அதை எப்படிப் பிடுங்குவேன்? இருக்குதும்மா என்றேன். கொஞ்சம் படி, எதை எழுதி அப்படிச் சிரித்தாள் என்று எனக்கும் தெரியட்டும் என்றாள். ஜெபப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, மயிலம் மலையில் தலை வைத்துப் படுத்த பூதத்தைப் பற்றிப் படிக்கிற மாதிரிச் சொல்ல ஆரம்பித்தேன்.

அச்சுக்கூடத்து முதலாளியிடம் போய், பிரதி இல்லை என்று சொன்னேன். நினைவிலிருந்து எழுதித் தரப் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். எழுதினேன். என் கையில் அது பிரசங்கமாகிப் போனது. நான் எழுதினால் தவலைவாயன் ஒழுங்காகக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுகிறான். எழுதியதை எல்லாம் அடுப்பில் போட்டேன். காகிதமும் வேறு எதற்கோ போய்விட்டது. உன் பெயர் போட்ட அட்டை வரவே இல்லை.

ஆனால் வாயால் சொன்னால் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் உன் அம்மா மல்லாட்டை உடைத்தபடி கேட்பாள். தெருப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. என் முன்னால் ஜெபங்கள், வாயில் விக்கல். சில சமயம் நான் மாற்றிச் சொல்லிவிடுவேன். போன வாரம் இட்டிலி மூட்டை வந்தது, இந்த வாரம் காராசேவு வருகிறதே என்று உன் அம்மா கேட்பாள். அது வேற பக்கம்மா என்பேன். "உம், வேற பக்கம்" என்று மல்லாட்டையை உடைப்பாள்.

இந்த மாசம் அவளுக்கு மூச்சு இழுத்தது. போகிறதுக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, பேச்சு தெளிவாகவே சொன்னாள்: "அந்தப் பொஸ்தகத்த என் கையில வெச்சி அனுப்பு கண்ணு. நான் அவகிட்ட சேர்த்துடறேன்." கதையை மகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க நினைக்கிறாள், பாவம், கதை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். சரிம்மா என்றேன். அதற்குத்தான் நேற்றுப் பசை காய்ச்சினேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பும்போது, ஞாயிறுதோறும் கதை கேட்கிற பிள்ளைகளில் ஒருத்தி, சலோமி, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இனிமேல் கதை இல்லையா டீச்சர் என்று கேட்டாள். புத்தகம் ஆயாவோடு போய்விட்டதே என்றேன்.

"அதனால என்னா டீச்சர்? நீங்க எப்பவும் பக்கத்தத் திருப்பாமத்தானே படிப்பீங்க. ஆயாகூடச் சொல்லும். அது ஜெபப் பொஸ்தகம், டீச்சரு மனசுலேர்ந்து சொல்றாங்க, நீங்க அவங்ககிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க, பாவம்னு."

நான் நடுவழியில் நின்றுவிட்டேன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. நான் அவளுக்காகப் பொய்யாகப் படித்தேன், அவள் எனக்காகப் பொய்யாகக் கேட்டாள். மகளை ஜெபமில்லாமல் பூதத்தோடு அனுப்பிவிட்டோமே என்று இத்தனை வருஷமும் ஒருத்தரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் வைத்திருந்தாள். சேர்த்துடறேன் என்று அவள் சொன்னது கதையை இல்லை, உன் ஜெபப் புத்தகத்தை.

ஆகவே, அம்மா கொண்டுவருவதை வாங்கிக்கொள். முதுகை நான் புதிதாக ஒட்டியிருக்கிறேன், பிய்யாது. உன் கையில் இருப்பதை அவளுக்கு நீயே படித்துக் காட்டு. என் வாயால் கேட்டதெல்லாம் அரைகுறை என்று அவளுக்கு அப்போது தெரியும். நான் சொன்னதில் எங்கெங்கே தப்பு என்று இரண்டு பேரும் சேர்ந்து சிரியுங்கள்.

என்னிடம் இப்போது எந்தப் புத்தகமும் இல்லை. என் வீட்டுப் பரணில் அது இருந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம் மட்டும் இருக்கிறது. நாளை ஞாயிறு. பிள்ளைகள் வருவார்கள். மடியில் எதை விரித்து வைப்பது என்று தெரியாமல், வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் விக்குவேன்.